இரண்டு முனையும் ஒன்றுதான்

மார்ச் 3, ஞாயிறு

மூக்குமலை ஏரி. மேகமூட்டம், காற்று இல்லை. டிரவுட் மீன் இரண்டு. இரண்டும் சிறிசு, திரும்ப விட்டாயிற்று.

இந்த நோட்டில் மீனையும் வானிலையையும் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். இன்று எழுத வேண்டியிருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவனிடம் பரிமளம் ஒரு செய்தி சொன்னாள். கோபியில் ஒரு பெண்கள் பள்ளி ஹாஸ்டலுக்கு வார்டனாகக் கூப்பிடுகிறார்களாம். ஜூனில் சேர வேண்டுமாம். அறை, சாப்பாடு எல்லாம் அங்கேயே.

"நீ ரிடையராகி ஒரு வருசங்கூட ஆகல. இன்னும் புள்ளைங்க பின்னாடி ஓடோணுமா?" என்றேன்.

"இங்க இருந்து என்ன பண்றதுங்க? நீங்க ஏரிக்குப் போறீங்க. வந்து தூங்கறீங்க. நான் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறேன்."

அதோடு விட்டிருந்தால் சரி. மே முடியும்வரை அவளும் என்னோடு ஏரிக்கு வருவாளாம். ஃப்ளை ராடு என்கிற பூச்சித் தூண்டிலை வீச நான் கற்றுத்தர வேண்டுமாம். மெல்போர்னில் இருக்கும் எங்கள் மகன் நிரஞ்சனிடம் சொல்லித் தனக்கென்று ஒரு ராடும் நூல் சுற்றும் ரீலும் அனுப்பச் சொல்லியாயிற்றாம்.

"முப்பத்திநாலு வருசத்துல நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு காரியம் பண்ணுனதில்லைங்க. இது ஒண்ணப் பண்ணிப் பாக்கலாம். ஆச்சுன்னா நான் கோபிக்குப் போகலீங்க. இங்கயே இருந்துக்கறேன்."

"ஆகலீன்னா?"

"போறனுங்க."

பேரம் பேசுகிறாள். கணக்கு டீச்சர் புத்தி எங்கே போகும். போனால் போகட்டும். எனக்கு ரசம் வைக்கத் தெரியும்.

மார்ச் 5, செவ்வாய்

பார்சல் வந்தது. ராடு ஆறரை அடி, இரண்டாம் நம்பர். அல்ட்ராலைட் என்கிறார்கள். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி போல இருக்கிறது. ரீல் என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. என்னுடையது ஒன்பதடி, ஆறாம் நம்பர். தேயிலைத் தொழிற்சாலையில் மேனேஜராக இருந்த காலம் முதல் அதைத்தான் வைத்திருக்கிறேன். இதெல்லாம் பொம்மை. சரி, பெண்பிள்ளைக்குப் போதும்.

இன்று அதைக் கட்டி முடித்தேன். முதலில் ரீலில் அடிநூல். அதன்மேல் வீசுகிற நூலான லைன். பெட்டிக்குள் சுருண்டே கிடந்த லைன் தண்ணீரிலும் சுருண்டுதான் கிடக்கும். அதனால் முழுவதையும் உருவி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொய்யா மரத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றி, திரும்பத் தொட்டிக்கே கொண்டுவந்து இழுத்துக் கட்டி, வெயிலில் கொஞ்ச நேரம் விட்டேன். ஒரு முனையில் பொடி எழுத்தில் ஏதோ காகிதம் ஒட்டியிருந்தது. பிய்த்துப் போட்டேன்.

"அதுல என்னமோ எழுதியிருக்குதுங்களே," என்றாள்.

"கம்பெனிக்காரன் அவன் பேரப் போட்டிருப்பான்."

"ரெண்டு முனையும் இங்கயே இருக்குது. எதை ரீல்ல கட்டறதுங்க?"

"எதைக் கட்டினா என்ன? ரெண்டும் ஒண்ணுதான். கயித்துக்கு ஏது தலை வாலு?"

பெட்டிக்குள் இருந்த தாளைத் தேடி எடுத்தாள். வாங்கி மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். தாள் படித்து மீன் பிடித்தவன் ஊரில் எவனும் இல்லை.

கட்டிக்கொண்டே பாடமும் எடுத்தேன். மற்றத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் குண்டு கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சி மட்டும்தான், அதற்கு எடையே இல்லை. லைன்தான் எடை. பின்னால் வீசும்போது லைனின் எடையில் ராடு வளைய வேண்டும். வளைந்த ராடு நிமிரும்போது லைனை முன்னால் கொண்டுபோய்ப் போடும். இதுதான் மொத்த வித்தை, மீதியெல்லாம் கைப்பக்குவம். நன்றாகச் சொன்னேன் என்று எனக்கே தோன்றியது. கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

மார்ச் 10, ஞாயிறு

ஏரி. லேசான காற்று. எனக்கு ஒன்று, முக்கால் கிலோ இருக்கும்.

பரிமளத்துக்கு முதல் நாள். லைன் அவள் காலடியிலேயே கொத்தாக விழுந்தது. பத்து மணி முள்ளுக்கும் இரண்டு மணி முள்ளுக்கும் நடுவில் கையை நிறுத்து என்று சொல்லிப் பார்த்தேன். பின்னால் போன லைன் நீளும்வரை பொறு என்றேன். மணிக்கட்டை உடைக்காதே என்றேன். சொன்னதை எல்லாம் செய்கிறாள், விழுவது மட்டும் காலடியில்தான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

எங்கள் தூண்டில் சங்கத்தின் தலைவர் போஜராஜ் அக்கரையிலிருந்து பார்த்துக் கையாட்டினார். கோத்தகிரியில் கேரட், முட்டைக்கோஸ் மண்டி வைத்திருக்கிற படகர் இனத்துக்காரர், நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. அவர் ஏதாவது சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன். "துணி காயப் போடறாங்க சார், கண்டுக்காதீங்க!"

அக்கரைவரை நின்ற சங்கத்து ஆட்கள் சிரித்தார்கள்.

மார்ச் 13, புதன்

கொக்கியை வெட்டிவிட்டு முனையில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் பழகுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள்.

மார்ச் 17, ஞாயிறு

"ஏனுங்க, இந்த ராடு வளையவே மாட்டேங்குதுங்க. எடை வந்தா வளையும்னு சொன்னீங்க. எனக்கு எடையே தெரியல," என்றாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதை மனசுக்குள் சொல்லவில்லை. வாய்விட்டே சொன்னேன்.

"ஒரு தடவ உங்க ராடக் குடுங்க, வீசிப் பாக்கறேன்."

என் ராடை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. போஜராஜுக்கே கொடுத்ததில்லை. அவள் போய்த் தன்னுடையதையே வீசிக்கொண்டிருந்தாள். திரும்பும்போது ஜீப்பில் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

மார்ச் 22, வெள்ளி

கோபிப் பக்கம் கொசு அதிகம் என்று பேப்பரில் போட்டிருந்தான். பொது அறிவுக்காக வாசித்துக் காட்டினேன். "கொசுவலை இருக்குதுங்க" என்றாள்.

கெய்சரைச் சரிபண்ண ஆள் வந்தான். இரண்டு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது. எதற்கும் ஒரு நேரம் வர வேண்டும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஐந்தாவது ஞாயிறு. முன்னேற்றம் பூஜ்யம். சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவள் வீசிய பூச்சி போஜராஜின் தொப்பியில் மாட்டியது. "மேடம் இன்னைக்குப் பெரிய மீனாப் புடிச்சுட்டாங்க" என்றார் அவர். பரிமளமும் சேர்ந்து சிரித்தாள், மன்னிப்புக் கேட்டாள், தானே கொக்கியைக் கழற்றிக் கொடுத்தாள். அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். "சில பேருக்குக் கை வராது சார், பொறப்புலயே அப்படி. எங்க ஊட்டுக்காரிக்கு ஸ்கூட்டர் கத்துக்குடுத்தேன், வரல. கேரம் போர்டு, அதுவும் வரல," என்று நான் சொன்னது வேடிக்கைக்குத்தான். எல்லோருக்கும் அது புரிந்தது.

ஜீப்பில் வரும்போது கேட்டாள்: "நெசமாலுமே எனக்குக் கை வராதுங்களா?"

"பழகுனா வரும்" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன், ஆதரவாகத்தான் சொன்னேன்.

இரவு கொள்ளு ரசம் வைத்தாள். தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். ஜூன் ஒன்றும் தூரத்தில் இல்லை. அதற்குள் ஒரு மீனாவது பிடித்துவிட்டால் இந்தக் கோபிப் பேச்சு அடங்கிவிடும். நாளைக்கு அவளுக்கு ஏரிக்கரையில் உட்கார ஒரு மடக்கு நாற்காலி வாங்க வேண்டும்.

ஏப்ரல் 14, ஞாயிறு. சித்திரை ஒன்று.

எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் அவள் கனி பார்த்து, பூஜை முடித்து, பாயசம் வைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். ஏரியில் எங்களையும் போஜராஜையும் தவிர யாரும் இல்லை. கரையோரம் நாணல் பக்கத்தில் தூக்கிப் போட்ட மாதிரி பூச்சியைப் போட்டாள். அதில் வந்து மாட்டியது ஒரு மீன்! சாதாரண மீன் இல்லை, தண்ணீரை உடைத்துக்கொண்டு எழும்பியபோது பார்த்தேன், ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. அந்தத் துரும்பு ராடு பிறை மாதிரி வளைந்தது. ரீல் கத்தியது. மீன் நேராக ஏரி நடுவுக்கு ஓடியது.

பரிமளம் பதறவில்லை. ராடை உயர்த்திப் பிடித்து, ஓடட்டும் என்று விட்டாள். நான்தான் பாய்ந்து வாங்கினேன். "குடு, நீ விட்டுருவே!"

அவள் கொடுத்தாள்.

மீன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. லைன் என் இடது கை விரல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. சன்னமாகப் போய்க்கொண்டிருந்த லைன் திடீரென்று தடித்தது. விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்கும் தெரிந்தது. ரீலுக்குள்ளிருந்து தடித்த லைன் வெளியே வந்து ராடின் வளையங்களில் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. லைன் தொய்ந்து தண்ணீரில் மிதந்தது. மீன் போய்விட்டது.

"என்னாச்சு?" என்று கத்தினார் போஜராஜ்.

"கைமாத்தும்போது தொய்ய விட்டுட்டா சார். எத்தன தடவ சொல்றது!"

பரிமளம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு லைனைப் பார்த்தாள். நாற்காலியை மடித்தாள்.

ஏப்ரல் 15, திங்கள்

தலைவலி.

ஏப்ரல் 16, செவ்வாய்

நடந்ததைத் தெளிவாக எழுதி வைத்துவிடுவது நல்லது. நான் இத்தனை வருடம் போட்டுவருகிற லைன் இருபக்கமும் ஒரே மாதிரி இருக்கும். முனைகள் சன்னம், நடுவில் தடிமன். எந்த முனையை ரீலில் கட்டினாலும் ஒன்றுதான். ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிச் சுற்றிக்கொள்ளலாம். நிரஞ்சன் அனுப்பியது வேறு ஜாதி. அதில் எடை ஒரே பக்கத்தில். அந்தத் தடித்த பக்கம் வெளியே, வீசுகிற பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் அது ரீலின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே வந்ததெல்லாம் வெறும் சன்ன நூல். அதை வைத்துக்கொண்டு யார் வீசினாலும் காலடியில்தான் விழும். நான் வீசினாலும் விழும்.

கூடம் கோணல்தான் போலிருக்கிறது.

காகிதம் ஒட்டுகிறவன் கொட்டை எழுத்தில் அல்லவா போட வேண்டும்? கம்பெனிக்காரனுக்குப் பொறுப்பில்லை.

இதை அவளிடம் சொல்லலாம். சொன்னால் போஜராஜுக்குப் போகும், போஜராஜுக்குப் போனால் சங்கத்துக்குப் போகும். நாற்பது வருட அனுபவம் நூல் சுற்றத் தெரியாமல் போச்சே என்பார்கள். அதைவிட, அவள் ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கிறாள். இந்த நேரத்தில் சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு கோபிக்குக் கிளம்பிவிடுவாள். சொல்லாமல் இருப்பது அவள் நல்லதுக்கும்தான். வியாழக்கிழமை ஊட்டிக்குப் பல் டாக்டரிடம் போகிறாள். அந்த நேரத்தில் லைனை உருவித் திருப்பிச் சுற்றி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. தானாகக் கை வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவாள்.

ஏப்ரல் 18, வியாழன்

அவள் பஸ் ஏறியதும் ரீலை எடுத்து லைனை உருவினேன்.

திருப்பிச் சுற்றியிருக்கிறது.

தடித்த பக்கம் வெளியே. சன்னப் பக்கம் அடிநூலோடு கட்டியிருக்கிறது. முடிச்சு என்னுடையது இல்லை. என்னுடையதைவிடச் சிறியது, சுற்றுகள் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தன, மேலே ஒரு சொட்டுப் பசை வேறு. லைனைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தும் இருந்தாள். வாசனை வந்தது.

இருந்தபடியே திரும்பச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சரிக்குச் சரி.

மாலையில் கன்னம் வீங்கி வந்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். "ரீல எடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்பாளோ என்று பார்த்தேன், கேட்கவில்லை. "உப்பு சரியா இருக்குதுங்க" என்றாள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஏரி. வெயில். எனக்கு ஒன்றும் இல்லை.

பரிமளம் ராடைப் பின்னால் கொண்டுபோனாள், நிறுத்தினாள், முன்னால் விட்டாள். லைன் காற்றில் விரிந்து போய், பூச்சி மட்டும் தண்ணீரில் ஓசையில்லாமல் உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. தோட்டத்தில் அந்தச் சன்ன நூலோடு மாரடித்ததில் கை நன்றாகத்தான் பழகியிருக்கிறது. என் ஒன்பதடியில் நான் போடுவது சாட்டையடி. இவள் போடுவது சத்தமே கேட்கவில்லை. நின்று பார்த்தேன், அழகாக இருந்தது.

அவள் என் பக்கம் திரும்பினாள். "எப்படிங்க திடீர்னு வந்துச்சு?"

கேட்டுவிட்டு லைனைச் சுருட்டாமல் அப்படியே நின்றாள். ஏரிக்கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

"நான் சொன்னதெல்லாம் இப்பத்தான் மண்டைல ஏறியிருக்குது," என்றேன்.

"அப்படீங்களா," என்றாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

பரிமளத்தின் முதல் டிரவுட்! கால் கிலோகூட இராது. என்னைக் கூப்பிடவே இல்லை. தானே விளையாடவிட்டு, தானே இழுத்து, கையை நனைத்துக்கொண்டு தானே பிடித்தாள். காய்ந்த கை பட்டால் மீனின் மேல்தோல் வழுவழுப்புப் போய்விடும் என்று நான் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை, நினைவு வைத்திருக்கிறாள். பக்கவாட்டில் ஓடிய செவ்வரியை விரலால் தொடாமல் பார்த்தாள். தண்ணீருக்குள் பிடித்து, அது வாலை அடித்ததும் விட்டாள். கண் கலங்கியிருந்தது. நான் ஃபிளாஸ்கை எடுக்க ஜீப்புக்குப் போனேன், பனிக்காற்று.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தோம். ஃபிளாஸ்க் மூடியில் எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"சித்திரை ஒண்ணாந்தேதி அந்தப் பெரிய மீனு எப்படிங்க போச்சு?"

"அதான் சொன்னேனே. கைமாத்தறப்ப நீ தொய்ய விட்டுட்டே."

அவள் டீயைக் குடித்து முடித்தாள். திரும்பும் வழியில் சாலையோரம் நிறுத்தி அவளுக்குப் பிடிக்கும் என்று பேரிக்காய் வாங்கினேன்.

மே 5, ஞாயிறு

மூன்று பிடித்தாள். எனக்கு ஒன்று. பொறாமை எல்லாம் இல்லை.

வீட்டில் இன்னும் பெட்டி எதுவும் எடுத்து வைக்கவில்லை, பரண்மேல் அப்படியே இருக்கிறது. இருந்துவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். ஏரியில் நிற்க ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தேன். அவள் கால் அளவு தெரியாமல் கடையில் நின்று, பழைய செருப்பைப் போய் எடுத்துவந்து காட்டி வாங்கினேன்.

மே 12, ஞாயிறு

சங்கத்தின் ஆண்டுவிழா. கூட்டம். காலையில் மழை பெய்து விட்டது.

ஏரியில் லாரி டியூப்களை மிதக்கவிட்டு, அதற்குள் பூச்சியைப் போட வேண்டும். அதுதான் போட்டி. பரிமளம் முதலாவதாக வந்தாள். போஜராஜ் இரண்டாவது. நான் கலந்துகொள்ளவில்லை, தோள்பட்டை சரியில்லை.

கோப்பை கொடுக்கும்போது போஜராஜ் மைக்கைப் பிடித்தார். "ஒரு மாசம் முன்னாடி மேடம் என் தொப்பியப் புடிச்சாங்க. இன்னைக்கு என்னையே தோக்கடிச்சுட்டாங்க. இதுக்குக் காரணம் யாரு? நம்ம சென்னியப்பன் சார்! சார் வந்து எப்படிச் சொல்லிக்குடுத்தாருன்னு ரெண்டு வார்த்தை பேசணும்."

கைதட்டினார்கள். பேசாமல் இருக்க முடியுமா? பேசினேன். பொறுமைதான் முக்கியம் என்றேன். கை வராதவர்களுக்கும் கை வரவைக்கலாம், சொல்லித்தருகிறவன் விடக்கூடாது என்றேன். அவள் துணி காயப்போட்ட கதையைச் சொன்னேன், ராடு வளையவில்லை என்று ராடின்மேல் பழிபோட்ட கதையையும் சொன்னேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள்.

அடுத்து அவளிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எல்லாத்துக்கும் நன்றிங்க," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நல்ல நாள். நல்லபடியாக முடிந்தது.

மே 13, திங்கள்

காலையில் பரணிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டேன்.

"கோபிக்கு வர்றேன்னு சொல்லிட்டனுங்க."

"நல்லாத்தானே வீசறே? கப்பெல்லாம் வாங்கிட்டே? இன்னும் என்ன?"

"வீசறதுக்கா நான் வந்தேன்?" என்றாள். பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினாள், குரல் உயரவில்லை. "தப்பு யாருக்கும் வரும்ங்க. நூலு திருப்பிக் கட்டுனது தப்பே இல்ல. அந்த மீனு போனப்ப உங்க மொகத்துல பாத்தேன், உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு இருந்தேன். நானே ரெண்டு தடவ வாயத் தொறந்து கேட்டும் பாத்துட்டேன். 'பரிமளம், நான்தான் தப்பாக் கட்டிட்டேன், உன்ற கை நல்லாத்தான் இருக்குது'. இது ஒண்ணுதான். இது ஒண்ணு சொல்லியிருந்தா நான் எங்கயும் போயிருக்க மாட்டனுங்க."

"உனக்குத் தெரிஞ்சிருந்தா நீயே சொல்லியிருக்கலாமே? பொண்டாட்டி புருசன்ட்ட ஒளிச்சு வெக்கறதா?"

இது சரியான கேள்வி. அவள் வேறெங்கோ பேச்சைக் கொண்டுபோனாள்.

"வந்த புதுசுல குழம்பு வெச்சா உங்க வாய்க்கு ஆகல. ஸ்கூட்டரு வரல. நிரஞ்சன் கணக்குல ஃபெயிலானதும் என்னாலதான். இத்தன வருசமா எதையெடுத்தாலும் என்ற கைதான் சரியில்லைன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. இப்ப ராத்திரியெல்லாம் ஒவ்வொண்ணா நெனச்சுப் பாக்கறேன். இதுல எது எது நீங்க திருப்பிக் கட்டுனதுன்னு."

ஸ்கூட்டருக்குக் கிளட்ச் கேபிள் தேய்ந்திருந்தது. அதை நான் பிறகுதான் மாற்றினேன். அதை இப்போது போய்ச் சொல்வதா?

மே 20, திங்கள்

மழை.

மே 26, ஞாயிறு

ஏரிக்கு வருகிறாயா என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க போயிட்டு வாங்க" என்றாள். நானும் போகவில்லை. இருவரும் வீட்டிலேயே இருந்தோம். மத்தியானம் தயிர்சாதம், மாவடு. ஒரு வார்த்தை என்றாள் அன்றைக்கு. அந்த ஒரு வார்த்தையை மூன்று தடவை வாய்வரை கொண்டுவந்தேன். ஒரு தடவை சமையலறை வாசல்வரைக்கும்கூடப் போனேன். "என்னங்க வேணும்?" என்றாள். "தண்ணி" என்றேன்.

குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 1, சனி

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப்பில் கொண்டுபோய் விட்டேன். ஒரு பெட்டி, ஒரு பை. ராடையும் எடுத்துக்கொண்டாள். பவானி ஆறு பக்கத்தில்தான் இருக்கிறதாம், டிரவுட் இல்லாவிட்டால் என்ன, கெண்டை இருக்குமே என்றாள். அந்த ராடுக்குக் கெண்டையா என்று கேட்க வந்தது. கேட்கவில்லை.

மேட்டுப்பாளையம் பஸ் நின்றது. பெட்டியை ஏற்றி வைத்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"ஏதாவது சொல்லோணுங்களா?"

டிரைவர் ஏறிவிட்டான். ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பேசுகிற பேச்சா அது?

"ஜன்னலோரமாவே உக்காந்துக்கோ. வளைவுல உனக்கு வாந்தி வரும்," என்றேன்.

"எனக்கு வாந்தி வராதுங்க. அது உங்கம்மாவுக்கு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் கிளம்பியது.

இரவு ரசம் வைத்தேன். வந்தது.

ஜூன் 2, ஞாயிறு

ஏரி. மேகமூட்டம், மேற்கிலிருந்து காற்று. மீன் இல்லை.

போஜராஜ் வந்தார். "மேடம் வரலையா சார்? அடுத்த மாசம் ஊட்டிக்காரங்களோட போட்டி வெச்சிருக்கோம். அவங்கள நம்பித்தான் ஒத்துக்கிட்டேன்."

கோபியில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏன், என்ன என்று தோண்டுவார். விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

"அவளுக்குக் கை சரியில்லை சார். இனி வீசக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றேன்.

"அய்யோ, நல்ல கையாச்சே சார் அது!" என்றார் போஜராஜ். மனுஷனுக்கு நிஜமாகவே வருத்தம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் ராடைப் பிரித்து உறையில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு வந்துவிட்டேன்.